பழைய ஆம்னிக்குள் வெயில்: முதலில் எதற்குச் செலவு செய்வது?

வாரத்தில் இரண்டு நாள் அப்பாவைக் குடியாத்தத்திலிருந்து வேலூருக்குப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறேன். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வண்டி 2004 மாடல் மாருதி ஆம்னி. வாங்கியபோது ஏசி கிடையாது. போவது காலை நேரம் என்பதால் சிரமம் தெரியாது. திரும்பும்போது பன்னிரண்டரை, ஒரு மணி ஆகிவிடும். போன வருடம் கத்திரி வெயிலில் ஒரு நாள் வீட்டு வாசலில் நிறுத்தி, அப்பாவை இறக்கக் கை கொடுத்தேன். முதுகுப்பக்கம் சட்டை முழுக்க நனைந்து சீட்டோடு ஒட்டியிருந்தது. முகம் சிவந்து, இரண்டு நிமிடம் பேச்சே வரவில்லை. வழியெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: "கண்ணாடிய இன்னும் கொஞ்சம் இறக்குடா, காத்து வரட்டும்." கண்ணாடி முழுக்க இறங்கித்தான் இருந்தது.

வண்டியை மாற்றிவிடலாமே என்று கேட்டார்கள். ஆம்னியின் ஸ்லைடிங் கதவு அகலமாகத் திறக்கும், வாக்கரை மடக்காமலே உள்ளே வைத்துவிடலாம், அப்பாவுக்கும் அந்த சீட் பழகிவிட்டது. அதோடு 2024ல்தான் எஃப்சி முடித்து ஆர்சியை 2029 வரை புதுப்பித்திருந்தேன். பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்தைந்து வருடமாகத்தான் புதுப்பித்துத் தருவார்கள். ஆகவே இந்த வண்டியில் போடுகிற ஒவ்வொரு ரூபாயும் 2029க்குள் அப்பாவுக்கு உபயோகப்பட வேண்டும். இந்தக் கணக்கோடுதான் ஒவ்வொரு வழியையும் பார்த்தேன்.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கூலிங் பேப்பர் ஒட்டு, சன்ஷேடு வாங்கு, கூரைக்கு ஷீட் ஒட்டு, ஃபேன் மாட்டு, ஈரத் துணி போடு, பேசாமல் ஏசி வைத்துவிடு. எல்லாமே ஓரளவு சரிதான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு சூட்டுக்கு மருந்து. எந்தச் சூடு நம்மை வாட்டுகிறது என்று தெரியாமல் வாங்கினால் காசு கரையும், வண்டி குளிராது.

நிற்கிற வண்டியும் ஓடுகிற வண்டியும்

வண்டிக்குள் சூடு மூன்று வழியாக வருகிறது. கண்ணாடி வழியாக நேரே விழும் வெயில் ஒன்று. அது சீட்டையும் டேஷ்போர்டையும் சுட வைக்கும். அவை திருப்பிக் கக்குகிற அனலைக் கண்ணாடி வெளியே விடாது. இரண்டாவது, தகரக் கூரை காய்ந்து உள்பக்கம் இறக்குகிற சூடு. மூன்றாவது, இன்ஜின். நிற்கிற வண்டிக்கு முதல் இரண்டும்தான் எதிரி. ஓட ஆரம்பித்ததும் மூன்றாவதும் சேர்ந்துகொள்ளும்.

ஜப்பானில் ஜாஃப் என்கிற வாகன ஓட்டிகள் கூட்டமைப்பு 2012 ஆகஸ்டில் ஒரு சோதனை செய்தது. 35 டிகிரி வெயிலில், நண்பகல் 12 மணியிலிருந்து 4 மணி வரை வண்டிகளைத் திறந்த வெளியில் நிறுத்தி அளந்தார்கள். ஒன்றும் செய்யாத கறுப்பு வண்டியில் உள்காற்று அதிகபட்சம் 57 டிகிரிக்குப் போனது. வெள்ளை வண்டியில் 52. முன்கண்ணாடிக்குச் சன்ஷேடு வைத்ததில் 50. கண்ணாடியை 3 சென்டிமீட்டர் இறக்கி வைத்ததில் 45. இதை மட்டும் பார்த்தால் சன்ஷேடு வீண் செலவு என்று தோன்றும். ஆனால் டேஷ்போர்டை அளந்தபோது கணக்கு தலைகீழாக மாறியது. கறுப்பு வண்டியில் 79, வெள்ளையில் 74, கண்ணாடி இறக்கியதில் 75. சன்ஷேடு வைத்ததில் மட்டும் 52.

எனக்குக் கண் திறந்தது இந்த எண்களில்தான். கண்ணாடியை லேசாக இறக்கினால் காற்றின் சூடு தணியும். ஆனால் உள்ளே இருக்கும் பொருள்கள் அப்படியே கொதித்துக்கொண்டிருக்கும். சன்ஷேடு பொருள்களைக் காப்பாற்றும், காற்றுக்கு அவ்வளவாகச் செய்யாது. வண்டியை எடுத்துக் கண்ணாடியை இறக்கினால் சூடான காற்று ஒரு நிமிடத்தில் வெளியே போய்விடும். டேஷ்போர்டில் ஏறிய சூடு போகாது. அது அரை மணி நேரம் நம் முகத்தில் அடித்துக்கொண்டே வரும். ஆகவே இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய்தான் ஆகும்.

இதில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணாடியை இறக்கி வைத்த வண்டியிலும் 45 டிகிரி. "கண்ணாடி இறங்கித்தானே இருக்கு, ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்று குழந்தையையோ வயதானவரையோ உள்ளே விட்டுப் போகவே கூடாது.

ஆனால் இவை எல்லாவற்றையும் விட மர நிழல் பெரிது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018ல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வண்டிகளின் உள்ளே சராசரி 47 டிகிரி, டேஷ்போர்டு 69, ஸ்டியரிங் 53. நிழலில் நின்ற வண்டிகளில் முறையே 38, 48, 42. இருபது ரூபாய் பார்க்கிங் மிச்சம் பிடிக்க வெட்டவெளியில் நிறுத்துவதை விட, கால் கிலோமீட்டர் தள்ளி ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு நான் மட்டும் நடந்துபோய் வண்டியை எடுத்து வருவது லாபம். காக்கை எச்சத்தைக் கழுவிக்கொள்ளலாம்.

ஆம்னியின் முன்கண்ணாடி நிமிர்ந்து நிற்பதால் சாதாரண மடிப்புச் சன்ஷேடு சரியாக உட்காராது. வெள்ளி பூசிய ஃபோம் ஷீட்டைக் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கி, ஒவ்வொரு கண்ணாடிக்கும் பழைய செய்தித்தாளில் அளவெடுத்து வெட்டிக்கொண்டேன். வெள்ளிப் பக்கம் வெளியே பார்த்து இருக்க வேண்டும். நிறுத்தும்போது மட்டும்தான் வைப்பது. ஓட்டும்போது எல்லாம் சீட்டுக்குப் பின்னால் போய்விடும்.

கூரை: நான் ஏமாந்த இடம்

ஏப்ரல் கடைசியில் வேலூரில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கத்திரி நாட்களில் உச்சியிலிருந்து வடக்கே கொஞ்சம் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஆம்னியின் நிமிர்ந்த கண்ணாடிகளில் நேர் வெயில் அதிகம் விழாது. முழுவதையும் கூரைதான் வாங்கிக்கொள்கிறது. ஆம்னி 3.37 மீட்டர் நீளம், 1.41 மீட்டர் அகலம். கூரைக்கு மட்டும் மூன்று, மூன்றரை சதுர மீட்டர் வரும். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். அதாவது மூன்று இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி மேலே கவிழ்த்து வைத்தது போல. வீட்டில் மாட்டுகிற ஒரு டன் ஏசி வெளியேற்றும் சூடு சுமார் 3500 வாட். கூரையில் விழுவது அத்தனையும் உள்ளே வந்துவிடாது. வெள்ளை பெயின்ட் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், ஓடும்போது காற்றும் கொஞ்சம் கொண்டுபோகும். இருந்தாலும் தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

நிறம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் கறுப்புக் கார் ஒன்றையும் வெள்ளி நிறக் கார் ஒன்றையும் வெயிலில் நிறுத்திப் பார்த்ததில், உள்காற்றில் 5, 6 டிகிரி வித்தியாசம் வந்தது. ஆகவே கறுப்பு, அடர்நீல வண்டி வைத்திருப்பவர்கள் எப்படியும் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்றால் வெள்ளைக்கு மாறுவது நல்லது. நிறம் மாறினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும், ஆர்டிஓ ஆபீசுக்கு ஒரு நடை போக வேண்டும். எங்கள் வண்டி முதலிலேயே வெள்ளை என்பதால் எனக்கு அந்த வேலை இல்லை.

கூரைக்கு உள்பக்கம் ஷீட் ஒட்டுவதற்கு முதலில் ஒரு ஆக்சஸரி கடைக்குப் போனேன். "ஹீட் ப்ரூஃப் சார், ஒட்டினா ஏசி மாதிரி இருக்கும்" என்று கறுப்பாக, கனமாக, பின்னால் தார் போல ஒட்டும் ஷீட்டைக் காட்டினார்கள். ஒட்டிக்கொண்டு வந்தேன். கதவை மூடினால் 'டொப்' என்று கனமான சத்தம் வந்தது, மழைச் சத்தம் குறைந்தது. சூடு அப்படியே இருந்தது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அது தகரம் அதிராமல் இருப்பதற்கான ஷீட். அதிர்வைத் தடுக்கக் கனம் வேண்டும். சூட்டைத் தடுக்கக் கனம் உதவாது, உள்ளே காற்று சிறைப்பட்ட பொருள் வேண்டும். இரண்டும் கடையில் ஒரே அலமாரியில் அடுக்கியிருக்கும், இரண்டையும் ஒரே பேரில் விற்பார்கள். கையில் எடுத்துப் பாருங்கள். தூக்கினால் கனமாக, வளைத்தால் களிமண் போல வளைந்தால் அது சத்தத்துக்கானது. எடையே தெரியாமல், விரலால் அழுத்தினால் அமுங்கி எழுந்தால் அது சூட்டுக்கானது.

இரண்டாவது முறை குஷன் கடைக்குப் போனேன். கூரையின் உள்துணியைக் கழற்றும் வேலை அவர்களுக்குத்தான் கைவந்தது. அவிழ்த்ததும் இரண்டு விஷயம் தெரிந்தன. துணிக்கும் தகரத்துக்கும் நடுவே வெறும் இடம், ஓரங்களில் மட்டும் பொடிந்து உதிரும் பழைய ஸ்பாஞ்ச். இடது பக்கம் மழைநீர் ஓடும் மடிப்பின் உள்ளே காசளவு துரு. கடைக்காரர் விரல் நகத்தால் சுரண்டிக் காட்டி, "இத மூடி மேல ஷீட் ஒட்டினா ரெண்டு வருஷத்துல ஓட்டை விழும் சார்" என்றார். அன்று ஷீட் ஒட்டவில்லை. டிங்கர் கடையில் துருவைச் சுரண்டி, ப்ரைமர் அடித்து, மடிப்பு முழுவதும் சீலன்ட் போட்டு, இரண்டு நாள் காயவிட்டு, வாளித் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஒட்டினோம். பழைய வண்டியில் இந்த வேலையைத் தவிர்க்கவே கூடாது. சூட்டுக்காக ஒட்டுகிற ஷீட், ஈரத்தைப் பிடித்து வைத்தால் கூரையையே தின்றுவிடும். அதனால்தான் தண்ணீர் உறிஞ்சாத ரப்பர் ஃபோமாகப் பார்த்து வாங்க வேண்டும், மெத்தை ஸ்பாஞ்ச் கூடாது. நாங்கள் போட்டது 10 மில்லிமீட்டர். சாதாரணப் பசை அந்தச் சூட்டில் இளகி, ஷீட் தலைமேல் தொங்கும். சூடு தாங்கும் பசையைக் கேட்டு வாங்குங்கள்.

அலுமினியத் தாள் ஒட்டிய ஷீட்டும் கிடைக்கும். பளபளப்பு வேலை செய்ய, அதன் முன்னால் கொஞ்சம் காற்று இடைவெளி வேண்டும். தகரத்தோடு அழுந்த ஒட்டிவிட்டால் அது பளபளப்பான சாதாரண ஷீட், அவ்வளவுதான். நாங்கள் வெள்ளிப் பக்கம் கீழே பார்க்க ஒட்டி, உள்துணிக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடம் விட்டோம்.

பலன் எப்படி? முன்பெல்லாம் மதியம் உள்துணியில் உள்ளங்கையை வைத்தால் மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிடுவேன். இப்போது வைத்தபடியே பேசிக்கொண்டிருக்கலாம். முதல் தடவை சரியான ஷீட்டையே போட்டிருந்தால் மொத்தச் செலவு ஏழாயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கிறோம்

ஆம்னி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தான். சீட்டைத் தூக்கினால் மூடி, மூடிக்குக் கீழே 796 சிசி இன்ஜின். அந்த மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் பீடிங் ஓடும். இருபது வருடத்தில் அது கட்டை போலக் காய்ந்து, மூலைகளில் வெடித்துவிடும். அங்கிருந்து வரும் அனல் நேரே தொடைக்குப் பின்னால் அடிக்கும். நாம் வெயில் என்று நினைத்துக்கொள்வோம்.

எளிய சோதனை ஒன்று. வண்டியைச் சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிடுங்கள். பெட்ரோல் வாசனை துளியும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஊதுபத்தி ஒன்றை ஏற்றி சீட்டின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். எல்பிஜி கேஸ் வண்டி என்றால் இந்தச் சோதனையே வேண்டாம், கையை வைத்துப் பார்த்தாலே போதும். காற்று வராத இடத்தில் புகை நூல் பிடித்தது போல நேராக எழும். கசிவு இருக்கும் இடத்தில் சட்டென்று வளையும். எங்கள் வண்டியில் மூடியின் பின்மூலையிலும், கியர் லீவர் உறைக்குக் கீழும் புகை வளைந்தது. புது பீடிங், புது கியர் உறை, மூடிக்கு அடிப்பக்கம் தீப்பிடிக்காத வெப்பத்தடுப்பு ஷீட், எல்லாம் சேர்த்து ஆயிரத்தைந்நூறுக்குள் முடிந்தது. நான் செய்தவற்றில் போட்ட காசுக்கு அதிகம் திருப்பித் தந்தது இதுதான். வண்டிக்குள் வருகிற இன்ஜின் புகையும் இதோடு நின்றது, அது குளிர்ச்சியை விட முக்கியம்.

மாருதி 800 வைத்திருப்பவர்கள் ஹீட்டரைப் பாருங்கள். நம் ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை என்பதால் அதன் வால்வும் கேபிளும் இறுகிப்போய், பாதி திறந்தபடி நின்றுவிடும். கொதிக்கும் கூலன்ட் டேஷ்போர்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், வென்ட்டில் சுடுகாற்று வரும். ஏசியும் இருந்தால் அது இந்தச் சூட்டோடு மல்லுக்கட்டியே ஓய்ந்துபோகும். ஹீட்டர் ஹோஸை பைபாஸ் செய்துவிட மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை.

கூலிங் பேப்பர்

வெயிலின் சக்தியில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதனால் பார்வைக்குத் தெளிவாக இருந்துகொண்டே சூட்டைக் குறைக்கும் நல்ல ஃபிலிம் உண்டு. மலிவான கறுப்புத் தாள் வெளிச்சத்தை மறைக்கும், ஆனால் தானே சூட்டை உறிஞ்சிக் கண்ணாடியைத் தோசைக்கல் ஆக்கிவிடும்.

சட்டம் வேறு இருக்கிறது. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 100. 2012 ஏப்ரல் 27ல் உச்ச நீதிமன்றம், கண்ணாடி மேல் எந்த ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பிறகு விதி திருத்தப்பட்டு 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதை வைத்து, அளவுக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024ல் சொன்னது. நம் சாலையில் நிறுத்துகிற போலீஸ்காரரிடம் வயதான அப்பாவை வெயிலில் வைத்துக்கொண்டு இந்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. நல்ல ஃபிலிமுக்குக் கேட்ட விலையும் என் கூரைச் செலவை விட அதிகம். உச்சி வெயிலில் ஆம்னிக்கு அது இரண்டாம்பட்சம் என்பதால் விட்டுவிட்டேன். சரிந்த பெரிய முன்கண்ணாடி உள்ள கார் என்றால், மாலை வெயிலில் மேற்கே ஓட்டுபவர் என்றால், கணக்கு வேறாக இருக்கலாம். சில மாடல்களுக்குக் கம்பெனியிலேயே லேசான பச்சைக் கண்ணாடி வந்தது. காயலான் கடையில் அந்தக் கதவுக் கண்ணாடி கிடைத்தால் அது சட்டச் சிக்கல் இல்லாத வழி.

ஃபேனும் ஈரத் துணியும்

12 வோல்ட் ஃபேன் மலிவு, மாட்டுவதும் சுலபம். ஆனால் காற்று 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேனை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. உடம்பை விடச் சூடான காற்றை வேகமாக அடித்தால் உடம்பு சூடேறும், அதுவும் வியர்வை குறைந்த வயதானவர்களுக்கு இன்னும் மோசம். கண்ணாடியை முழுக்க இறக்கியும் அப்பாவுக்குக் காற்று போதாமல் இருந்ததன் காரணம் இதுதான். காற்று வந்துகொண்டுதான் இருந்தது, அனலாக.

ஈரம் வேறு கதை. 40 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், தண்ணீர் ஆவியாகும்போது அதிகபட்சம் 26 டிகிரி வரை குளிரும். வேலூர், திருச்சி மதியங்கள் ஏறக்குறைய இப்படித்தான். சென்னையில் 36 டிகிரி, ஈரப்பதம் 65 என்றால் 30க்குக் கீழே இறங்காது. வெட்டிவேர்த் தட்டி உள்நாட்டு ஊர்களில் பேர் வாங்கியதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஓடுகிற வண்டியில் தட்டி கட்டினால் பார்வை மறையும், கண்ணாடியை மூடினால் உள்ளே புழுக்கம் ஏறும். கடைசியில் நான் வைத்துக்கொண்டது ஒரு காடாத் துண்டும், பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும். துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்தைச் சுற்றிப் போட்டு, கண்ணாடியைப் பாதி இறக்கினால் அப்பாவுக்கு இருபது நிமிடம் தாங்கும். அறுபது ரூபாய் செலவு. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது அவ்வளவாக எடுபடாது.

ஏசி

இத்தனையும் செய்த பிறகு வண்டிக்குள் வெளியே இருக்கிற சூடுதான் இருந்தது, அதற்கு மேல் இல்லை. எனக்கு அது போதும். ஆனால் வெளியே 41 என்றால் உள்ளேயும் 41. எழுபது தாண்டிய, பிரஷர் மாத்திரை போடுகிற ஒருவருக்கு அது போதாது. பழைய வண்டிக்கு ஏசி ஆடம்பரம் என்று நானும் நினைத்திருந்தேன். உள்ளே உட்காருபவர் யார் என்பதைப் பொறுத்த விஷயம் அது.

ஏசி மெக்கானிக் முதலில் வண்டிக்குள் ஏறி மேலே கை வைத்துப் பார்த்தார். "கூரை பண்ணிட்டீங்களா, அப்ப சரி. பண்ணாம வர்றவங்களுக்கு மாட்டிக் குடுத்துட்டு, கூலிங் வரலன்னு அவங்க திட்டறத நான்தான் வாங்கிக்கணும்" என்றார். ஆம்னி இன்ஜினின் மொத்த சக்தியே சுமார் 35 குதிரைத் திறன். கம்ப்ரஸர் அதில் மூன்று, நான்கைத் தின்னும். வண்டி பெரிய டப்பா, இன்ஜின் சின்னது. கம்ப்ரஸரைப் பெரிதாக்க முடியாது, ஆகவே உள்ளே வரும் சூட்டைத்தான் குறைக்க வேண்டும். வரிசை இதனால்தான் முக்கியம்.

மாட்டுவதற்கு முன் ரேடியேட்டரைக் கழுவி, புது கூலன்ட் ஊற்றி, ஆல்டர்னேட்டர் சார்ஜைப் பார்த்தோம். ப்ளோயர், கண்டென்சர் ஃபேன், கம்ப்ரஸர் கிளட்ச் எல்லாம் கரண்ட் கேட்கும். ஏற்கெனவே இன்ஜின் சூடேறுகிற வண்டி என்றால் அதைச் சரிசெய்யாமல் ஏசி வைக்கவே வேண்டாம். எனக்குச் செலவு நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மைலேஜ் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் போல இறங்கியது. மேம்பாலம் ஏறும்போது ஏசியை அணைத்துவிடுகிறேன்.

ஏற்கெனவே ஏசி உள்ள பழைய வண்டிக்காரர்களுக்கு வழி வேறு, செலவும் குறைவு. "கேஸ் போயிடுச்சு, நிரப்பிக்கலாம்" என்று சொல்கிற இடத்தில் நிற்காதீர்கள். கேஸ் தானாகத் தீராது, எங்கோ கசிகிறது. நைட்ரஜன் அடித்து லீக் பார்த்து, ஓட்டையை அடைத்து, பம்ப் வைத்து முழுக்க வேக்யூம் எடுத்து, எடை போட்டு கேஸ் ஏற்றுபவரிடம் போங்கள். தொண்ணூறுகளின் வண்டி என்றால் அதில் ஆர்-12 கேஸ் இருந்திருக்கும். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் அந்த கேஸை உலகமே கைவிட்டுவிட்டது. ஆர்-134ஏ கேஸுக்கு மாற்றலாம், ஆனால் கம்ப்ரஸர் ஆயில், டிரையர், ஓ-ரிங் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பழைய ஆயிலோடு புது கேஸ் சேராது, கம்ப்ரஸர் பிடித்துக்கொள்ளும். சமையல் கேஸை அடித்துவிட்டு "நல்லா கூலிங் வருது பாருங்க" என்பவர்களும் இருக்கிறார்கள். கூலிங் வருவது உண்மைதான். ஆனால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் கசிந்தால் அந்த கேஸ் நிறைவது நாம் உட்காரும் இடத்தில். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

யாருக்கு எது என்று என்னிடம் கேட்டால், ஆளைப் பொறுத்துத்தான் சொல்வேன். காலையும் மாலையும் மட்டும் ஓட்டி, பகலெல்லாம் ஆபீஸ் வாசலில் நிறுத்துபவருக்கு நிழலும் சன்ஷேடும் பீடிங்கும் போதும், ஏசிக்கு அவ்வளவு பணம் போட வேண்டாம். மதியத்தில் ஓட்டும், உடம்பு திடமான ஆளுக்குக் கூரையும் சேர்த்துச் செய்தால் போதும். எஃப்சி முடிய ஒரு வருடம்தான் இருக்கிறது என்றால் கூரை வேலைகூட வேண்டாம், ஃபோம் ஷீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயதானவரோ, கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ மதியத்தில் அடிக்கடி வருகிற வண்டி என்றால் கூரையை முடித்துக் கையோடு ஏசியும் வைத்துவிடுங்கள்.

இந்த வருடம் கத்திரிக்கு எங்கள் வழக்கம் இப்படி. அப்பாவை உள்ளே நிழலில் உட்கார வைத்துவிட்டு, வண்டியை நான் முன்னால் போய் எடுக்கிறேன். ஃபோம் ஷீட்டுகளைக் கழற்றி, எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, ஒரு நிமிடம் ஓட்டிப் பழைய காற்றை வெளியே விடுகிறேன். அப்புறம் ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டு, அவரை ஏற்ற வாசலுக்கு வருவதற்குள் வென்ட்டில் குளிர் வந்துவிடுகிறது. கிரீன் சர்க்கிள் சிக்னலில் நீண்ட நேரம் நின்றால் மட்டும் குளிர் தளர்கிறது. இன்ஜின் ஐட்லிங்கில் கம்ப்ரஸர் மெதுவாகச் சுற்றுவதால் அப்படி. கண்டென்சருக்கு இன்னொரு ஃபேன் வைத்தால் தேறும் என்கிறார் மெக்கானிக். அடுத்த மாதம் வைக்கப் போகிறேன். அதுவரை அந்த நனைத்த துண்டு வண்டியில் இருக்கிறது, சிக்னல் வந்ததும் அப்பாவே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார்.